நீ கீழே பார், நான் மேலே பார்க்கிறேன்

1

அத்திவரதர் மறுபடியும் தண்ணீருக்குள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்தின் அடியில், அத்தி மரத்தில் செய்த பெருமாள் ஒருவர் படுத்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்தை இறைத்து அவரை மேலே கொண்டுவருவார்கள். ஒரு மண்டலம் ஊருக்கெல்லாம் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வார். சாதாரணமாக ஒரு ஆளுக்கு ஆயுசில் ஒரு தடவை கிடைக்கும், கொடுத்துவைத்தவர்களுக்கு இரண்டு. போன வருஷம், எழுபத்தொன்பதில், வந்தார். எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி, பஸ் ஏறி, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த நான் போகவில்லை. போக முடியவில்லை.

அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அமெரிக்காவின் தென்கோடியில், புளோரிடாவில், ஒரு கடலோரப் பாலத்துக்கு அடியில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கிடந்தேன். நாற்பதைத் தொடப்போகிற பொம்பளை, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள், மாதத்துக்கு ஒரு தடவை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கவே நேரமில்லாதவள். என் வீட்டுக்காரர் கரையில் காப்பி பிளாஸ்க்கோடு உட்கார்ந்துகொண்டு, “உங்க நைனா பார்த்தா ஊர் சிரிச்சுப்போகும்னு சொல்வாரு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

பாலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அழகான பாலமெல்லாம் இல்லை. ஊரையும் எதிரே இருக்கும் தீவையும் சேர்க்கிற காங்க்ரீட் பாலம். மேலே நாள் முழுக்கக் கார் ஓடும். கீழே தூண்களைச் சுற்றி, தூண்டில்காரர்கள் அறுத்துவிட்ட நரம்பும், பழைய டயரும், யாரோ கடையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து எறிந்துவிட்ட சாமான் வண்டியும் கிடக்கும். படகே வேண்டாம். கரையிலிருந்து நடந்தே தண்ணீரில் இறங்கிவிடலாம். ஆனால் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. கடல் ஏறும்போது தண்ணீர் பாலத்துக்கடியில் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும், வடியும்போதும் அப்படியே. முழுக்க ஏறி முடித்ததும் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும். அந்த நேரம் வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் உள்ளே வந்து நிறைந்திருக்கும். அப்போது இறங்க வேண்டும், அது திரும்புவதற்குள் ஏற வேண்டும்.

2

நைனாவுக்குத் தொழில் தண்ணீர் இறைப்பது. விவசாயக் குடும்பம்தான், ஆனால் நிலம் சின்னது. ஆகவே ஆயில் இன்ஜின்கள் வாங்கி, கிணற்றுக்கு வாடகைக்கு விட்டார். மாகறல், வாலாஜாபாத், திருமுக்கூடல் வரைக்கும் போகும். எந்த ஊர்க் கிணற்றில் ஊற்று எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் சட்டையில் டீசல் வாசனை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் தறிக்குழியில் உட்கார்ந்திருக்க, என் அப்பா மட்டும் மாட்டுவண்டியில் இன்ஜினை ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி போவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மாகறலில் ஒரு கிணற்றில்தான் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டி, படியிலிருந்து தள்ளிவிட்டார். இரண்டு நாளில் நீந்தினேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டுதான் நீந்துவேன். ஒருநாள் கிணற்றுச் சுவரில் முட்டி நெற்றி கிழிந்தது. இன்னும் தழும்பு இருக்கிறது.

“கண்ணைத் தொறந்துக்கினு நீந்து மரகதம்! இன்னாத்துக்கு மூடற?”

“அம்மா மூடச் சொல்லுச்சு நைனா.”

அம்மா சொன்னது கோயில் குளத்துக்கு. முழுக்குப் போடும்போது மூக்கைப் பிடி, கண்ணை மூடு. கீழே பெருமாள் படுத்திருக்கிறார், தூங்குகிறவரை உற்றுப் பார்க்கக் கூடாது. எல்லா வீட்டிலும் இந்தச் சட்டம் இருந்ததா என்று தெரியாது, எங்கள் வீட்டில் இருந்தது. குளத்து நடுவே மண்டபத்தின் தூண்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். அந்தப் பக்கம் திரும்பினாலே எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். குளத்துக்குப் பழகின கண் கிணற்றிலும் மூடிக்கொண்டது.

அதற்கு முந்தைய முறை, முப்பத்தொன்பதில், பெருமாள் வெளியே வந்தபோது நைனாவும் அம்மாவும் கல்யாணமான புதுசு. நான் அம்மா வயிற்றில் இருந்தேன். அம்மாவைக் கூட்டத்தில் இடிபடாமல் இரண்டு கையாலும் அணைகட்டிக் கூட்டிக்கொண்டு போனாராம். அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரே மாதிரிதான் முடிப்பார்.

“நீயும்தான் வந்த. கண்ணு தொறக்காம வயித்துக்குள்ள குந்திக்கினு இருந்த. அடுத்த தபா அவரு வரச் சொல்ல, நான் உன்னைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போவேன். நல்லா தொறந்து பாக்கணும், தெரியுதா?”

எனக்கு அப்போது எட்டு வயசோ ஒன்பதோ. அடுத்த தபா என்பது எவ்வளவு தூரம் என்று தெரியாமல், தெரியுது நைனா என்று தலையாட்டினேன்.

3

அறுபத்தெட்டில் இங்கே வந்தேன். என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. தாமரைச்செல்வி என்று ஆசையாக வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரமே டீச்சரம்மா அதை டாமி ஆக்கிவிட்டாள். எங்கள் ஊரில் டாமி என்றால் வாசலில் கட்டிப்போடுவது. இதை நான் நைனாவிடம் இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

என் பெயர் கதை அதைவிட மோசம். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு கு. மரகதம் என்றுதான் பெயர். கு என்றால் குப்புசாமி, நைனா. இங்கே முன்னெழுத்து என்றால் ஒருவருக்கும் புரியாது, குடும்பப் பெயர் வேண்டும். விரித்து எழுதினேன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னை மிஸஸ் குப்புசாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐயோ கடவுளே! பெற்ற அப்பனுக்கே பெண்டாட்டி ஆக்கிவிட்டார்கள். அவசரமாக எல்லாவற்றிலும் வீட்டுக்காரர் பெயரை, சம்பந்தம் என்று, மாற்றிப்போட்டேன். அந்த அவசரம்தான் போன வருஷம் என் காலை வாரியது.

பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. அத்திவரதருக்குப் போக வேண்டுமே என்று முன்கூட்டியேதான் இந்தியத் தூதரகத்துக்குப் புதுப்பிக்க அனுப்பினேன். பழையதில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர். குப்புசாமி யார், சம்பந்தம் யார், இருவரில் யாருக்கு மனைவி, இரண்டு மரகதமும் ஒரே மரகதம்தானா என்று கேட்டுக் கடுதாசி வந்தது. கல்யாணப் பத்திரிகையை அனுப்பினேன். பத்திரிகை தமிழில் இருக்கிறதாம், மொழிபெயர்த்து முத்திரை வாங்கு என்றார்கள். வாங்கி அனுப்பினேன். போன் பண்ணினால், பரிசீலனையில் இருக்கிறது அம்மா. அடுத்த வாரமும் அதே குரல், அதே பரிசீலனை. அதற்குள் ஊரில் குளத்தை இறைத்து அவரை மேலே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஊரில் நைனா வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மருந்துக் கடையில் நாயுடு வைத்திருந்தார். இங்கே ஆபரேட்டரிடம் பதிவு பண்ணிவிட்டுக் காத்திருந்தால், எப்போதாவது மணி அடிக்கும். நாயுடு, “ரண்டி ரண்டி, அமெரிக்கா!” என்று தெலுங்கில் நைனாவை வரச்சொல்லித் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். நைனா செருப்புச் சத்தத்தோடு வருவது எனக்குக் கேட்கும். பணம் ஓடிக்கொண்டிருக்கும், அவர் நிதானமாக வருவார்.

“எப்பம்மா கெளம்பற?”

“பாஸ்போர்ட் இன்னும் வரல நைனா.”

“வரட்டும். அவரு ஒரு மண்டலம் இருக்கப் போறாரு. இன்னா அவசரம்?”

“நீ போயிட்டு வந்துடு நைனா. நான் வந்தா இன்னொரு தபா போலாம்.”

“அதெப்படி? மூணு பேரா போனது. உங்கம்மா போயிட்டா, ரெண்டு பேரு பாக்கி. நான் ஒண்டியா போய் நின்னா, எங்கடா உன் பொண்ணுன்னு அவரு கேக்க மாட்டாரு?”

“உனக்கு வயசாயிடுச்சு நைனா, கூட்டம் ஏறிக்கினே போவுதாம்...”

“ஏறட்டும். நீ வராம நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

குளம் இறைக்க அவருடைய இன்ஜினை யாரும் கேட்கவில்லை என்ற கோபம் வேறு. கேட்டிருந்தால் வாடகை வாங்காமல் கொடுத்திருப்பேன் என்றார். கூப்பிடு தூரத்தில் கோயில். வெளியூர்க்காரர்கள் எல்லாம் பார்த்துவிட்டு எங்கள் தெரு வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்க, நைனா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். என்னால் இவர் இதைக் கோட்டைவிடப் போகிறார். நான் பார்க்காவிட்டால் போகிறது, அவர் பார்க்க வேண்டும்.

4

பாலத்துக்கு அடியில் போவது டாமியின் பைத்தியம். பதினைந்து வயதில் அட்டை வாங்கிவிட்டாள். இங்கே முக்குளிக்கக்கூடப் பயிற்சி முடித்ததற்கு அட்டை வேண்டும், தண்ணீருக்கு மேலே சிவப்புக் கொடி மிதக்கவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போய்விடுவாள். ஈரத் தலையோடு வந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில், அதுவும் இங்கிலீஷில்.

அவளுடைய தமிழுக்கு இன்னும் ஐந்து வயதுதான். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அது வளர்வதை நிறுத்திவிட்டது. வந்துக்கினு, போய்க்கினு என்று சின்ன காஞ்சிபுரத்துக் குழந்தை மாதிரி பேசுவாள். இங்கே எங்களுக்குத் தெரிந்த மற்றத் தமிழ்க் குடும்பத்தார் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அதிலிருந்து வாயே திறப்பதில்லை. சிரித்தவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வரும்.

பாஸ்போர்ட் கடுப்பில் நான் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், அவளாகவே வந்து, “அம்மா, நீயும் தண்ணிக்கு வரியா?” என்று கேட்டாள். மகள் தானாகக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன கிறுக்கா?

நகரசபைக் குளத்தில் வகுப்பு. வால்டர் என்ற பெரிய மீசைக்காரர் சொல்லிக்கொடுத்தார். உடுப்பைப் பற்றித்தான் பயந்தேன், அது கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு ரப்பர். புடவையைவிட அடக்கம். முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நீலக் குளத்தில் கண்ணைத் திறப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அது குளமா என்ன, பெரிய தொட்டி. காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னார் வால்டர். மூக்கைப் பிடிப்பதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? கொடுங்கள் அட்டையை என்றேன். கொடுத்தார்.

பாலத்தடியில் இறங்கிய முதல் நாள் டாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தலைக்கு மேலே மூடியது. கொஞ்ச தூரம் போனோம். எதிரே பச்சைத் தண்ணீருக்குள் தூண்கள் வரிசையாக நின்றன. அவ்வளவுதான், என் கண் இறுக மூடிக்கொண்டது. திறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. தண்ணீருக்குள் தூண் நின்றால் அதனடியில் அவர் படுத்திருப்பார், பார்க்கக் கூடாது. அமெரிக்காவாவது ஒன்றாவது, என் கண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை. டாமி இழுத்த பக்கமெல்லாம் குருடி மாதிரி போனேன். அவள் என் கையைத் தட்டித் தட்டி எதையோ காட்டினாள். மூடிய கண்ணோடு தலையை ஆட்டினேன்.

கரையேறியதும் மூச்சு வாங்கக் கேட்டாள்.

“அம்மா, கடல்குதிரை பாத்தியா? கயித்தப் புடிச்சுக்கினு இருந்துச்சே?”

“பாத்தேன் கண்ணு. அழகா இருந்துச்சு.”

“இன்னா கலரு?”

நான் முழித்தேன். அவள் முகம் மாறியது.

“நீ கண்ண மூடிக்கினு இருந்த. நான் உன் கண்ணாடிக்குள்ள பாத்தேன்.”

“இல்ல கண்ணு, அது வந்து...”

“எனக்கு ஒரே ஒரு எடம் இருக்குது. அங்க உன்னைக் கூட்டிக்கினு போனேன். நீ பாக்கக்கூட இல்ல.”

அதோடு ரப்பர் செருப்பைக் கழற்றி மணலில் எறிந்துவிட்டுக் காருக்குப் போய்விட்டாள். வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அத்திவரதர், கோயில் குளம், எங்கள் அம்மா போட்ட சட்டம், எல்லாவற்றையும் இரவு அவள் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“தண்ணிக்குள்ள ஒரு சாமி படுத்துக்கினு இருக்குதா? இதை ஏன் எனக்கு நீ சொல்லவே இல்ல?”

அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, பதினோரு வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது.

5

மண்டலம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பாஸ்போர்ட் வராது என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. போனுக்குப் பதிவு பண்ணினேன். இந்தத் தடவை கெஞ்சக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். கெஞ்சினால் நைனாவுக்கு வீம்பு இன்னும் ஏறும்.

“நைனா, நான் வரப்போறதில்ல.”

“சரி. அப்ப நானும் போவல. வுடு.”

“நைனா, நான் இங்க தண்ணிக்குள்ள போறேன்.”

“எந்தத் தண்ணிக்குள்ள?”

பாலத்தைச் சொன்னேன். சிலிண்டரைச் சொன்னேன். கடல் ஏறி முடித்துக் கொஞ்ச நேரம் நிற்கும் என்பதைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தண்ணீர்க்காரர் அல்லவா, அவருக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது.

“கடலு நிக்குமா? நெசமாவா? நின்னா தெளிஞ்சுடுமே!”

“தெளிஞ்சுடுது நைனா. தூணெல்லாம் தெரியும். நம்ம கொளத்து மண்டபம் மாதிரி.”

“நீ கண்ண மூடிக்கினு இருந்திருப்பியே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை ஆயிரம் மைல் தாண்டி உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்!

“ஆமா நைனா. மூடிக்கினுதான் இருந்தேன். டாமி... தாமரை கோச்சுக்கினா.”

நைனா சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். நாயுடு பக்கத்திலிருந்து, நிமிஷம் ஓடுது பெரியவரே என்று சொல்வது கேட்டது.

“நைனா, வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குக் காலைல தண்ணி நிக்கும். அது உனக்குச் சாயங்காலம். அந்த நேரத்துக்கு நீ கோயில்ல இரு. நான் இங்க கண்ணத் தொறந்துக்கினு எறங்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போன மாதிரி.”

இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். அழுகிறார் என்று பிறகுதான் புரிந்தது. என் அம்மா செத்த அன்றுகூட இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றப் போனவர் அவர்.

“சரிம்மா,” என்றார் கடைசியில். “நீ கீழ பாரு, நான் மேல பாக்கறேன்.”

6

அந்த ஞாயிறு தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. டாமி என் வார்களை இழுத்துச் சரிபார்த்தாள், என் முகக் கண்ணாடியில் தன் விரலால் ஒரு தட்டு தட்டினாள். தொற என்று அர்த்தம்.

தூண்கள் வந்தன. கண் மூடப் பார்த்தது. இந்நேரம் நைனா வரிசையில் நகர்ந்துகொண்டிருப்பார், ஊரில் அவரோடு இருக்கும் என் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு. நான் பார்க்காவிட்டால் அவரை ஏமாற்றியதாகும். திறந்தேன்.

என்ன சொல்லுவேன்! தூணெல்லாம் பூத்திருந்தது. ஆரஞ்சு, ஊதா, மஞ்சள், என்னென்னவோ ஒட்டிக்கொண்டு அசைந்தன. டாமியின் கடல்குதிரை அதே கயிற்றில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்றது. ஈரச் செங்கல் நிறம். இதைக்கூடச் சொல்லத் தெரியாமல் அன்று முழித்தேனே. ஒரு பாட்டிலுக்குள் ஆக்டோபஸ் ஒன்று குடியிருந்துகொண்டு எட்டிப் பார்த்தது. திருக்கை ஒன்று மணலை உதறிவிட்டு எழுந்து போனது. டாமி ஒவ்வொன்றாகக் காட்டினாள், நான் ஒவ்வொன்றுக்கும் அவள் கையை அழுத்தினேன். மகள் வாரா வாரம் இவ்வளவையும் தனியாகப் பார்த்துவிட்டு வந்து, சொல்ல ஆளில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு நடுத் தூண்களுக்கு இடையில், வெறும் மணலைக் காட்டினாள். ஒன்றுமில்லையே என்று கையை விரித்தேன். பொறு என்று கையைக் காட்டினாள். இருவரும் மணலுக்கு மேலே அசையாமல் நின்றோம். மெதுவாகத்தான் தெரிந்தது. மணலுக்குள் ஒரு முகம். உடம்பு முழுக்கப் புதைந்து, முகம் மட்டும் மேலே. வாய் ஒரு கோடு, அதற்கு மேலே இரண்டு சின்னக் கண்கள், திறந்தபடி, நேராக மேலே பார்த்துக்கொண்டு. வானம் பார்க்கிற மீன் என்று இந்த ஊரார் அதைச் சொல்கிறார்கள். படுத்துக்கொண்டு நாள் முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கு ஊருக்குப் போக வேண்டும் போல் இருந்தது. அந்த நிமிஷமே, ஈர உடுப்போடு, நடந்தாவது போக வேண்டும் போல் இருந்தது. குளத்துப் படியும், டீசல் வாசனையும், நெரிசலில் என்னை அணைகட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. முகக் கண்ணாடிக்குள் அழுதால் கண்ணீர் போக இடமில்லாமல் மூக்கடியில் தேங்கும், வால்டர் அதைச் சொல்லித்தரவில்லை. டாமி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மட்டும் நான் மூடவில்லை.

7

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக போன் பதிவு பண்ணினேன். தலைகூடத் துவட்டவில்லை. ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். நைனா மருந்துக் கடையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், நாயுடு கத்த வேண்டிய வேலையே இருக்கவில்லை.

“போனியா நைனா?”

“போனேம்மா. காலைல போய் நின்னவன் சாயங்காலம்தான் உள்ள போனேன். உன் தம்பி கைய வுடவே இல்ல.”

“பாத்தியா?”

அவர் செருமுவது கேட்டது.

“நைனா?”

“கிட்ட போயிட்டேம்மா. இந்தா, கை நீட்டினா தொட்டுடலாம். நின்ன கோலம். மொதல்ல காலு தெரிஞ்சுது. கையெடுத்துக் கும்பிட்டேன். உங்கம்மாவ நெனச்சேன். உன்ன நெனச்சேன்...” குரல் உடைந்தது. “கும்பிட்டா கண்ணு மூடிக்குதேம்மா! மூடிட்டேன். தொறக்கறதுக்குள்ள நகரு நகருன்னு தள்ளிட்டான். திரும்பிப் பாக்கறேன், ஜனம்தான் தெரியுது. மொகத்தப் பாக்கலம்மா. இம்மாம் நாளு காத்துக்கினு இருந்து, மொகத்தப் பாக்காம வந்துட்டேன்.”

இன்னொரு தடவை போ நைனா என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி நாட்கள், கூட்டம் ஆளை நசுக்கிக்கொண்டிருந்தது, அவருக்கு இனி நிற்கத் தெம்பில்லை. எனக்காகக் காத்திருந்ததால் வந்தது இது. முதல் வாரத்திலேயே போயிருந்தால் சாவகாசமாகப் பார்த்திருப்பார். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

“நீ பாத்தியா?” என்று கேட்டார். “அதையாவது சொல்லு. ஏம்மா பேச மாட்ற?”

டாமி ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினாள். ஆள் முன்னால் தமிழ் பேசாத பெண். ஈரத் தலைமுடி தரையில் சொட்ட, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தாத்தா, நான் தாமரை. அம்மா அழுதுக்கினு இருக்குது. நான் சொல்றேன்.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பேசுவது கேட்கவில்லை, இவள் சொல்வது மட்டும் கேட்டது.

“பெரிய தூணு இருக்குது தாத்தா. நடுவுல மணலு. அதுக்குள்ள படுத்துக்கினு இருந்துச்சு... ஆமா, மல்லாந்த மாதிரி. மொகம் மட்டும் தெரிஞ்சுது... இல்ல, அசையவே இல்ல. நாங்க கிட்டப் போனோம், அப்பவும் அசையல.”

நிறுத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி.

“தொறந்துக்கினுதான் இருந்துச்சு தாத்தா. ரெண்டு கண்ணும். மேலயே பாத்துக்கினு இருந்துச்சு.”

மறுபடி ஒரு கேள்வி. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஆமா தாத்தா. அம்மாவும் தொறந்துக்கினுதான் இருந்துச்சு. நான் பாத்தேன்.”

அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். சரி தாத்தா, சரி தாத்தா என்றாள். ஆபரேட்டர் குறுக்கே வந்திருக்க வேண்டும், ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“தாத்தா இன்னா சொன்னாரு கண்ணு?”

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“அப்ப நானும் பாத்துட்டேன்னு சொன்னாரும்மா.”